ஆக்டெட், கெல்வின், கைராய்டு: எந்தக் கண்ணறையை அடுக்குவது?

முப்பரிமாண அச்சில் எடுக்கும் பொருளின் உள்ளே, கண்ணறை எனப்படும் சிறு வடிவ அலகைத் திரும்பத் திரும்ப அடுக்கி எடையைக் குறைக்கலாம். எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் வேண்டுமென்றால், நான்முகிகளும் எண்முகிகளும் சேர்ந்த தண்டு அமைப்பான ஆக்டெட் சட்டகம்தான் என்று பாடப்புத்தகம் சொல்லும். காரணம் எளியது. அதன் ஒவ்வொரு கணுவிலும் 12 தண்டுகள் கூடுகின்றன. பாரம் ஏறும்போது தண்டுகள் வளைவதில்லை. நீளவாக்கில் இழுபடும் அல்லது அமுங்கும். ஆகவே பொருளைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதிதான் குறையும். 14 முகங்கள் கொண்ட கெல்வின் கண்ணறையில் கணுவுக்கு 4 தண்டுகளே, அவை வளைந்துகொடுக்கின்றன. அங்கே பொருள் பாதியானால் விறைப்பு கால்பங்காகிவிடும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கனவளவில் 10 சதவீதம் பொருள் இருக்கும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய இருமடங்குக்குள் அடங்கிவிடுகிறது. 1 சதவீதத்துக்கு இறங்கினால்தான் ஆக்டெட் பத்து மடங்குக்கு மேல் முந்துகிறது. சாதாரண முப்பரிமாண அச்சில் அவ்வளவு மெல்லிய தண்டுகளை யார் அச்சிடப்போகிறார்கள்? அச்சிட்டாலும் அமுக்கத்தில் அவை பக்கவாட்டில் நெளிந்து முறியும். ஆக்டெட்டுக்குத் திசைக்குணமும் உண்டு: கனசதுரத்தின் மூலைவிட்டத் திசையில் அதன் விறைப்பு, விளிம்புத் திசையைவிட 1.8 மடங்கு. கண்ணறையைத் திருப்பி வைத்தால் வேறு பொருளாகிவிடும். தலைக்கவசம்போல் மெல்ல நசுங்கி அதிர்ச்சியை விழுங்கவேண்டிய இடத்தில் கெல்வினே என் தேர்வு.

உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. ஓரிடம் விறைப்பாக, பக்கத்து இடம் நெகிழ்வாக வேண்டும்போது வெவ்வேறு கண்ணறைகளை ஒட்டவைக்க வேண்டும். 12 தண்டுக் கணுவும் 4 தண்டுக் கணுவும் எல்லையில் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் தகைவு (பொருளுக்குள் எழும் விசையின் செறிவு) குவிந்து விரிசல் அங்கே தொடங்கும். 2015 சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் இதற்கு இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, ஒரே அமைப்புடைய கண்ணறையில் அளவுகளை மட்டும் மாற்றுவது. மற்றொன்று, பல குடும்பக் கண்ணறைகளை முன்கூட்டியே கணித்து வைத்துக்கொண்டு, எல்லை ஒத்துப்போகும் அண்டைகளைப் பொறுக்கி எடுப்பது. இரண்டாவது சுதந்திரம் தருகிறது. ஆனால் கணிப்பு வேலை கூடுகிறது.

இங்கேதான் கைராய்டு மேலே வருகிறது. 1970இல் நாசாவில் ஆலன் ஷோன் விவரித்த இந்த வளைபரப்பில் கணுவே கிடையாது. சைன், கொசைன் கொண்ட ஒரு சமன்பாட்டில் ஓர் எண்ணை இடத்துக்கு இடம் மெதுவாக மாற்றினால் சுவர் படிப்படியாகத் தடிக்கும். ஒட்டு என்ற பேச்சே இல்லை. எலும்பு உள்வைப்புக்கு நான் இதைத்தான் எடுப்பேன். அக்கம்பக்கம் முற்றிலும் மாறுபட்ட நடத்தை வேண்டுமானால் மட்டும், முன்கூட்டியே கணித்து வைக்கும் கண்ணறை நூலகத்தின் சிரமத்தைச் சுமக்கலாம்.