எடை ஏறுவதற்கு எது காரணம்: சாப்பாடா, உட்கார்ந்தே கிடப்பதா?

'ரெண்டும்தான்' என்று சொல்லி நழுவலாம். ஆனால் 2011-ல் ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. அமெரிக்காவில் 1,20,877 பேர், எல்லாருமே நர்சுகளும் மற்ற மருத்துவத் துறைக்காரர்களும், தொடக்கத்தில் யாரும் குண்டு கிடையாது. 4 வருஷத்துக்கு சராசரியாக ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறார்கள். கேட்க அற்பமாக இருக்கும், இருபது வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஏழு கிலோவைத் தாண்டிவிடும்.

இதில் உடலுழைப்பை அதிகமாகக் கூட்டிக்கொண்டவர்களுக்கு, கூட்டாதவர்களையும் குறைத்தவர்களையும்விட அந்த 4 வருஷத்தில் 0.8 கிலோ குறைவாக ஏறியது. நல்ல விஷயம்தான். சாப்பாட்டுப் பக்கம் பார்த்தால், தினம் ஒரு கை உருளைக்கிழங்கு சிப்ஸ் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குக் கூடியதும் கிட்டத்தட்ட அதே அளவு, 0.77 கிலோ! சர்க்கரை போட்ட குளிர்பானத்துக்கு 0.45. யோகர்ட், கொட்டை வகைகள், பழம் கூட்டியவர்களுக்கு எடை குறைவாகவே ஏறியது.

என் ஓட்டு சாப்பாட்டுக்குத்தான். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும், திரும்பி வரும் வழியில் கடையில் ரெண்டு வடையும் ஒரு டீயும் உள்ளே போனால் கணக்கு சரி. 2019-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்து, வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்று விட்டது. பாக்கெட் உணவு தந்த இரண்டு வாரங்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். இத்தனைக்கும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் மற்ற இரண்டு வாரங்களில் தந்த, அதிகம் பதப்படுத்தாத சாப்பாட்டுக்குச் சமமாகத்தான் இருந்தன.

அப்புறம், 'வயசானா மெட்டபாலிசம் குறைஞ்சிடும்' என்ற சாக்கு. 2021-ல் வந்த பெரிய ஆய்வுப்படி 20-லிருந்து 60 வயது வரை அது, அதாவது உடம்பு கலோரியை எரிக்கும் வேகம், பெரிதாக மாறுவதே இல்லை.

அதற்காக நடையை விட்டுவிட வேண்டாம். இறக்கிய எடை திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதில் அதற்குத்தான் பலம். அப்படிப் பிடித்து வைத்திருக்கும் அமெரிக்கர்களைப் பதிவு செய்து கவனித்ததில், பெரும்பாலோர் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

டி.வி.யை எந்தப் பக்கம் சேர்ப்பது என்றுதான் எனக்குக் குழப்பம். தினம் ஒரு மணி நேரம் கூடினால் 0.14 கிலோ என்கிறது அதே 2011 ஆய்வு. உட்கார்ந்து கிடப்பதும் அங்கேதான், மடியில் மிக்சர் கிண்ணமும் அங்கேதான்.