லிவர்பூல் பப்கள்: தனியாகப் போகிற ஒரு பெண்ணின் சிபாரிசு

லிவர்பூலில் பப் பார்க்கக் கிளம்பினால் எல்லாரும் முதலில் மேத்யூ தெருவுக்குத்தான் அனுப்புவார்கள். பீட்டில்ஸ் பாடிய கேவர்ன் கிளப் இருக்கும் தெரு அது. பழைய கிளப் 1973-ல் மூடப்பட்டது. இப்போது இருப்பது 1984-ல் திரும்பக் கட்டியது. போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் சனிக்கிழமை இரவில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது.

நான் இந்த ஊரில் வேலை பார்க்கிறவள். ஷிப்ட் முடிந்து தனியாகப் போய், அரை பைண்ட் பியரோடு ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடிகிறதா? ஒரு பப்பை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

அழகுக்கு என்றால் ஹோப் தெருவிலுள்ள ஃபில்ஹார்மானிக் டைனிங் ரூம்ஸ். உள்ளூரில் 'ஃபில்' என்றாலே போதும். ராபர்ட் கெய்ன் மது ஆலைக்காக வால்டர் தாமஸ் என்ற கட்டடக் கலைஞர் 1898-லிருந்து 1900-க்குள் கட்டியது. வாசலில் கொடி கொடியாக வளைந்த இரும்புக் கதவு. உள்ளே மொசைக், மஹோகனி, சுவரில் செப்புத் தகடுகள், வண்ணக் கண்ணாடியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின் தளபதிகள். 2020-ல் இதற்கு, பாதுகாக்க வேண்டிய கட்டடங்களுக்கான உச்ச தகுதியான கிரேடு 1 கொடுத்தார்கள். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு இருப்பதும் அதே தகுதிதான். விக்டோரியா காலத்தில் பப்பாகவே கட்டப்பட்ட எதற்கும் அதுவரை இங்கிலாந்தில் அது கிடைத்ததில்லை.

இங்கே எல்லாரும் பார்க்க ஆசைப்படுவது ஆண்கள் கழிப்பறை. இளஞ்சிவப்புப் பளிங்கு. பெண்கள் கேட்டால், அங்கே ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பணியாளர் உள்ளே விடுவார். நானும் பார்த்தேன். வேலைப்பாடு அசத்தல்தான், ஆனால் அந்தக் காலத்தில் யார் வருவார்கள் என்று நினைத்துக் காசைக் கொட்டினார்கள் என்பது அங்கே நின்றால் நன்றாகவே புரிகிறது. பெண்கள் பக்கம் அப்படி எதுவும் கிடையாது. பெரிய கூடத்தில் சுற்றுலாக் கூட்டம் நிற்கும். பிராம்ஸ், லிஸ்ட் என்று இசைமேதைகளின் பெயர் வைத்த சின்ன அறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே இடம் கிடைத்தால் உட்காருங்கள்.

ஹேக்கின்ஸ் ஹே என்ற சந்தில் 'ஹோல் இன் தி வால்' இருக்கிறது. 1726-லிருந்து நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பப். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் இடுகாட்டின் மேல் கட்டியதால் கீழே தோண்ட முடியாமல், பீப்பாய்களை மாடியில் வைத்து பியரைக் கீழே இறக்குகிறார்கள் என்பது இதன் பெருமை. எனக்கு மறக்காதது வேறு விஷயம்: 1970-கள் வரை இங்கே பெண்களை உள்ளே விடவில்லை. பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் பிரிட்டனில் 1975-ல்தான் வந்தது. என் அம்மாவின் வயதுக்காரிகள் வாசலோடு திரும்பிய இடம். அதனாலேயே நான் அங்கே போய் உட்கார்ந்தேன். இருட்டாக, தாழ்ந்த கூரையோடு, நன்றாகவே இருக்கிறது.

பியர் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் முதல் வாயிலேயே "என்னங்க, சூடா இருக்கு" என்பார்கள். சூடு இல்லை. இங்கே பப்களில் கிடைக்கும் பாரம்பரிய பியரான கேஸ்க் ஏல், பீப்பாய்க்குள்ளேயே இன்னொரு முறை நொதிப்பது. 11 முதல் 13 டிகிரியில் கொடுப்பதுதான் முறை. அதற்குக் கீழே போனால் அதன் வாசமே அமுங்கிவிடும். ஊற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். பணியாளர் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, கைப்பம்பின் பிடியை நிதானமாகத் தன் பக்கம் இழுப்பார். அரை பைண்டுக்குப் பெரும்பாலும் ஒரே இழுப்பு. கிளாஸ் முழுக்கக் கலங்கலாக இருக்கும். அப்புறம் கலங்கல் அடியிலிருந்து தெளிந்துகொண்டே மேலே போய் நுரையாக நிற்கும். அதுவரை கை வைக்காதீர்கள்.

நகர மையத்தில் ஒரு பெரிய பப்பில் எனக்குப் பின்னால் வந்த இரண்டு ஆண்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்கள். பாரில் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வரிசை உண்டு. அது ஒழுங்காக நடக்கிற இடம் ராஸ்கோ ஹெட். நான் தயங்கி நிற்பதைப் பார்த்த ஒரு பெரியவர், "அவங்கதான் முதல்ல" என்று பணியாளரிடம் சொல்லிவிட்டு, "கேளு, குயின்" என்று எனக்கு வழிவிட்டார். பெண்களை இந்த ஊரில் பாசமாக அப்படிக் கூப்பிடுவார்கள்.

ராஸ்கோ தெருவில் வீடு மாதிரி நிற்கிற சின்ன பப் அது. ஒவ்வொரு அறையும் கைக்குள் அடங்குகிற அளவு. 1974-லிருந்து வரும் 'குட் பீர் கைடு' என்ற பப் வழிகாட்டிப் புத்தகத்தின் பதிப்பு ஒவ்வொன்றிலும் இடம்பிடித்த பப்கள் நாட்டிலேயே ஐந்துதான். இது அதில் ஒன்று. கட்டடம் வேறு கைக்குப் போனபோது, நடத்திவந்த அம்மா வருடக்கணக்கில் போராடிக் கடைசியில் தானே வாங்கிவிட்டார். பெயர் வில்லியம் ராஸ்கோவுடையது. அடிமை வியாபாரத்தில் கொழுத்த இந்த ஊரின் எம்.பி.யாக இருந்துகொண்டே, 1807-ல் அந்த வியாபாரத்தை ஒழிக்க வாக்களித்தவர். ஊரின் அழகான கட்டடங்கள் பலவற்றுக்குப் பின்னால் அந்தப் பணம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே இங்கே சுற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூர்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷன் பக்கத்து லயன் டேவர்னில் ஓடுகளையும் கண்ணாடிக் கூரையையும் பாருங்கள். பெயர் ஒரு பழைய ரயில் எஞ்சினுடையது. அந்த எஞ்சின் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லைம் தெருவில் 1907-ல் கட்டிய வைன்ஸ் பிரமாண்டம். ஆனால் எனக்கு அங்கே ஒட்டவில்லை.

ஒன்றுதான் போக முடியும் என்றால் எகர்டன் தெருவிலுள்ள பீட்டர் கவனாஸ் போங்கள். 1897-லிருந்து 1950 வரை அதை நடத்தியவரின் பெயர். ஒரு சின்ன அறையின் சுவரில் டிக்கன்ஸ் கதைக் காட்சிகள், இன்னொன்றில் ஹோகார்த் என்ற பழைய ஆங்கில ஓவியரின் பாணி. 1929-ல் எரிக் ராபின்சன் என்ற ஓவியர் குடித்த கடனுக்கு ஈடாக வரைந்தார் என்று சொல்வார்கள். பெஞ்சின் கைப்பிடியில் செதுக்கிய முகத்தைத் தடவிப் பாருங்கள். கவனாவின் முகம்தான் என்கிறார்கள். தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. நான் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிமிர்ந்து பார்த்தால் பேச்சுக் கொடுக்க ஆள் உண்டு. இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

வார நாளில் நாலு மணிக்கு மேல் போங்கள். கால்பந்து மேட்ச் நாளைத் தவிர்த்துவிடுங்கள். மேசைக்கு வந்து யாரும் கேட்கமாட்டார்கள். பாருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, நீங்களே எடுத்து வர வேண்டும். மது குடிக்காதவர்கள் எலுமிச்சைத் துண்டு போட்ட சோடா கேட்டாலும் அதே மரியாதைதான்.