நான்கு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். கைக்குழந்தைக்குத் தெர்மாமீட்டர் வாங்கவேண்டும், நீ வைத்திருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். யோசிக்காமல் "அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் மனசு உறுத்தியது, ஏனென்றால் அளவு காட்டுவதில் அது இதுவரை என்னை ஏமாற்றியதே இல்லை.

நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் பட்டன் செல் மாற்றியிருக்கிறேன். எத்தனையோ தடவை கீழே விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. கிளினிக்கில் பார்க்கிற அளவுக்கும் இதற்கும் ஒன்றிரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. முனை வளைகிற ரகம் என்பதால் தூங்குகிற குழந்தையின் அக்குளில் வைத்தாலும் உறுத்தாது. இதிலெல்லாம் குறையே சொல்ல முடியாது.

என் கோபமெல்லாம் அந்தப் பொத்தான் மேல்தான். இருப்பது ஒரே பொத்தான். லேசாக அழுத்தினால் ஆன் ஆகும், கொஞ்சம் கூடுதலாக அழுத்திப் பிடித்துவிட்டால் ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு மாறிவிடும். மாறியதைச் சொல்ல ஒரு சத்தம் கூட கிடையாது. திரையின் ஓரத்தில் அரிசியை விடச் சின்னதாக ஒரு எழுத்து மாறும், அவ்வளவுதான். திரைக்கு வெளிச்சமும் இல்லை. இரவு இரண்டு மணிக்குப் பாதித் தூக்கத்தில் எழுந்து காய்ச்சல் பார்க்கிறவள் எத்தனை வினாடி அழுத்தினோம் என்று எண்ணிக்கொண்டா இருப்பாள்?

போன மழைக்காலத்தில் மகளுக்கு உடம்பு கொதித்தது. வைத்துப் பார்த்தால் 38.9. செல்சியஸ் என்று புரிந்துவிட்டது, ஆனால் நாங்கள் காய்ச்சலை நூறு, நூற்றொன்று என்றே பேசிப் பழகியவர்கள், டாக்டரும் அப்படித்தான் கேட்பார். அணைத்து, அலகை மாற்றி, மறுபடி வைத்துப் பார்க்கப் பிள்ளை விடவில்லை. என் கணவர் தனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டார்: இரண்டால் பெருக்கி முப்பதைக் கூட்டு. 107.8! அத்தை அழ ஆரம்பித்துவிட்டார், இவர் வண்டிச் சாவியைத் தேடுகிறார். அந்தக் குறுக்குவழி வெயிலுக்கு மட்டும் ஓரளவு சரி. 30 டிகிரிக்குப் போட்டால் 90 வரும், உண்மையில் 86. வெயில் விஷயத்தில் நாலு டிகிரி தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை, காய்ச்சலில் ஐந்தாறு டிகிரி தப்பினால் வீடே கதிகலங்கிவிடும். சரியான கணக்கு இது: இரட்டிப்பாக்கு, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழி, 32 கூட்டு. 77.8-இல் 7.78 போனால் 70.02, கூட 32, ஆக 102. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டிய பிறகுதான் அத்தை உட்கார்ந்தார்.

நமக்கு இது எப்போதும் இருக்கிற தொல்லை. ஏசியில் 24 வைக்கிறோம், போனில் வானிலை 38 என்கிறது, பேப்பரைப் பிரித்தால் அதே வெயில் "சதம் அடித்தது" என்று ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது. அம்மா வீட்டில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டரில் இரண்டு அளவுகோலும் அக்கம்பக்கமாக அச்சடித்திருக்கும், கண்ணை லேசாக நகர்த்தினால் போதும். உடைந்தால் பாதரசம் ஆபத்து, அதனால் அது திரும்ப வேண்டாம். ஆனால் அந்தக் கண்ணாடிக் குச்சியில் முடிந்தது ஒரு டிஜிட்டல் திரையில் ஏன் முடியவில்லை? இரண்டு எண்ணையும் மேலும் கீழுமாகக் காட்டினால் என்ன?

இப்போது மருந்து டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்: 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. நடுவில் அரை டிகிரிக்கு 0.9 கூட்டிக்கொள்ளலாம். 98.6-இல் வரும் அந்தப் புள்ளி ஆறைப் பார்த்து மிரள வேண்டாம். 1868-இல் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் சொன்ன முழு எண்ணான 37-ஐ மாற்றினால் வருவதுதான் அது. அதைத் தாண்டி 99 காட்டினாலே காய்ச்சல் என்று அர்த்தமில்லை, 38-ஐ, அதாவது 100.4-ஐத்தான் டாக்டர்கள் பொதுவாகக் காய்ச்சலின் கோடாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபாரன்ஹீட் டிகிரி சிறியது என்பதால் மருந்து கொடுத்த பிறகு 102.4, 102.1, 101.8 என்று இறங்குவது சீக்கிரமே கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது எவ்வளவு ஆறுதல் தெரியுமா.

ஆனாலும் போன் செய்த தோழியிடம் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். அலகு மாற்றும் பொத்தான் பின்பக்கம் தனியாக இருக்கிறதா, திரையில் வெளிச்சம் வருகிறதா என்று கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். நான் இதையேதான் வைத்திருக்கப்போகிறேன். நேற்றுகூட மகளுக்கு லேசாகச் சுட்டது. 99.3. போன் டார்ச்சை அடித்து, ஓரத்தில் இருப்பது எஃப்-தானா என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.