மூன்று வயதுக் குழந்தைக்கு எந்த வாசல்? கிருஷ்ணகிரி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மூன்று வயது நிறைந்த குழந்தையைப் பணம் செலவழிக்காமல் படிப்புக்குப் பழக்க நினைக்கும் குடும்பத்துக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. மக்கள் இன்னும் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடி மையம் ஒன்று. அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் இன்னொன்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் கிடைக்கும் இடம் மூன்றாவது. முன்பருவக் கல்வியை விரிவாக்க அரசு கூடுதலாகப் பணம் ஒதுக்கினால், அதை இம்மூன்றில் எதற்குத் தருவது என்பதே இங்கே கேள்வி.

இந்தக் கேள்வி எழுவதற்கே காரணம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கல்வி இன்னும் அடிப்படை உரிமை ஆகாததுதான். 2002 ஆம் ஆண்டின் 86 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை மட்டும் கல்வியை உரிமையாக்கியது. அதற்கு முந்தைய வயதினருக்கு அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. ஆகவே எவ்வளவு செய்வது, எங்கே செய்வது என்பதெல்லாம் ஆள்வோரின் முடிவுக்கே விடப்பட்டிருக்கிறது.

தனியார் ஒதுக்கீட்டை முதலில் பார்த்துவிடலாம். வீட்டுக்கு அருகில் தனியார் பள்ளி இருந்தால்தான் இந்த வழி பயன்படும். 2019 இல் மாநகராட்சியான ஓசூரில் அது எளிது. அஞ்செட்டி, தளி பகுதி மலைக்கிராமங்களில் பெரும்பாலும் கைக்கு எட்டாது. எட்டும் இடத்திலும் அது நம்பகமானதாக இல்லை. மத்திய அரசு கல்வி நிதியை நிறுத்திவைத்ததால் 2025-26 கல்வியாண்டில் இந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஜூன் மாதத்தில் வகுப்பில் உட்கார வேண்டிய மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. இருக்கும் ஒதுக்கீடு தொடரட்டும். ஆனால் விரிவாக்கத்துக்கான பாதை இதுவல்ல.

அரசுப் பள்ளி எல்.கே.ஜி.யின் வலிமை பெற்றோரின் விருப்பத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் இந்த வகுப்புகள் தொடங்கப்பட்டன. புதிய ஆசிரியர்களை நியமிக்காமல், தொடக்கப் பள்ளிகளில் உபரி என்று கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் அங்கே மாற்றப்பட்டனர். அவர்களில் பலர் இதை ஏற்காமல் நீதிமன்றம் சென்றனர். 2022 இல் அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிக்கே திருப்பி அனுப்ப முடிவெடுக்கப்பட்டபோது வகுப்புகள் மூடப்படும் என்ற அச்சம் பரவி, கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை வைத்து வகுப்புகள் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகள் உள்ளன. எல்.கே.ஜி. என்ற பெயரை மக்கள் விட்டுத்தர மாட்டார்கள் என்பது முதலாவது. சீருடை, ஆங்கிலப் பாடல், அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் செல்லும் வசதி ஆகியவற்றை அவர்கள் மதிப்பது நியாயமே. தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கும் அந்த ஆசை இருக்க உரிமை உண்டு. இரண்டாவது செய்தி கவலைக்குரியது. வகுப்பு நிலைத்தது, அதை நடத்துபவரின் வேலை நிலைக்கவில்லை. மாதம் 5,000 ரூபாய்க்கு வரும் பட்டயப் படிப்பு முடித்த இளம்பெண், வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவதைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சிறிய வயதில் குழந்தை ஒட்டிக்கொள்வது பாடத்தோடு அல்ல, ஆளோடு. ஆண்டுக்கு ஓர் ஆள் மாறும் வகுப்பில் ஒவ்வொரு முறையும் அது புதிதாக அழத் தொடங்குகிறது.

இனி அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக வந்த இம்மையங்கள் தமிழ்நாட்டில் 54,000க்கு மேல் இருக்கின்றன. மலைப்பகுதிகளில் 150 பேர் வாழும் குடியிருப்புக்கும் குறு மையம் அமைக்க விதி இடம் தருகிறது. வேறு எந்தப் பள்ளியும் இவ்வளவு சிறிய ஊரைத் தேடிப் போவதில்லை. மதிய உணவு, முட்டை, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லுதல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. முன்பருவக் கல்விக்கென ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமும் உண்டு.

இவ்வளவு இருந்தும் பெற்றோர் இதைச் சோறு போடும் இடம் என்றே எண்ணுவதற்குக் காரணம், பாடம் நடக்கும் நேரம் குறைவு என்பதே. பணியாளர் ஒருவர், சமையலுக்கு உதவியாளர் ஒருவர் என்பதுதான் அமைப்பு. பணியாளர் கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வேண்டும், சத்துமாவு வழங்க வேண்டும், குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். பலருக்கு வாக்காளர் பட்டியல் பணியும் சேர்ந்துகொள்கிறது. காலையில் வட்டமாக உட்கார வைத்த குழந்தைகளுக்கு இரண்டு பாட்டு சொல்லிக்கொடுப்பதற்குள் கைப்பேசி அழைக்கும். இதை அவருடைய சோம்பல் என்று சொல்பவர்கள் ஒரு முழு நாள் அந்த மையத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஒப்பீட்டை முடிவு செய்ய உதவும் சான்று தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் இங்குள்ள 320 அங்கன்வாடி மையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தனர். அந்த மையங்களில் கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு குழந்தைகளின் மொழித் திறனும் கணக்குத் திறனும் தெளிவாக உயர்ந்திருந்தன. வயதுக்கேற்ற உயரம் இல்லாத வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்திருந்தன, ஏனெனில் பழைய பணியாளருக்கு உடல்நலப் பணிகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

இடங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் போதாது என்பதை அமெரிக்க அனுபவமும் காட்டுகிறது. பாஸ்டன் நகரத்தின் அரசு முன்பள்ளிகளில் குலுக்கலில் இடம் பெற்ற குழந்தைகள் பிற்காலத்தில் கல்லூரிக்குச் செல்வது அதிகரித்தது. டென்னசி மாநிலத்திலோ, முன்பள்ளிக்குச் சென்றவர்கள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர். இரண்டுமே அரசு நடத்திய இலவச முன்பள்ளிகள்தான்.

இம்மாவட்டத்துக்கென்றே உரிய இன்னொரு கூறு மொழி. ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டு மொழிகள். தொழிற்சாலை வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஓசூரில் சேர்ந்திருக்கிறார்கள். நாம் தண்ணீர் என்பதை ஒரு குழந்தை நீள்ளு என்கிறது, ஒன்று நீரு என்கிறது, இன்னொன்று பானி என்கிறது. தாகத்தைக்கூட ஆசிரியரிடம் சொல்லத் தெரியாத குழந்தைக்கு ஆங்கில எழுத்து வரிசை எதற்கு? அங்கன்வாடிப் பணியாளர் உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற நியமன விதி இங்கே பெரிய வரமாகிறது. அந்தத் தெருவின் மொழி அவருக்குத் தெரியும். அந்த மொழியில் அணைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகத் தமிழுக்கு அழைத்துவர அவரால் முடியும். வெளியூரிலிருந்து தற்காலிகமாக வரும் ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது கடினம்.

அங்கன்வாடியும் தீர்க்காத குறை ஒன்று உண்டு. ஓசூர் சிப்காட் ஆலைகளில் ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் தாய்மார் வீடு திரும்புவதற்கு முன்பே மையம் மூடிவிடுகிறது. அதற்குப் பகல்நேரக் காப்பகம் வேண்டும். அது தனிச் செலவு, தனித் திட்டம்.

என் முடிவு இதுதான். கூடுதல் பணத்தின் பெரும்பகுதி அங்கன்வாடிகளுக்கு இரண்டாவது பணியாளரை அமர்த்தச் செல்ல வேண்டும், அதுவும் தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பகுதிகளில் தொடங்கி. பள்ளி வளாகத்தில் ஏற்கெனவே இயங்கும் எல்.கே.ஜி. வகுப்புகளை மூடாமல், அங்குள்ள ஆசிரியருக்கு நிலையான பணியும் வாழக்கூடிய ஊதியமும் தர வேண்டும். அதன் பிறகே புதிய வகுப்புகளைப் பற்றி யோசிக்கலாம். அங்கன்வாடிக்கு வரும் இரண்டாமவரிடம் எடை பார்க்கும் பதிவேட்டையோ வாக்காளர் பட்டியலையோ ஒப்படைக்கக் கூடாது என்பதை நியமன ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்.