காதுக்கு உள்ள போடுற சின்ன மிசினா, பின்னால மாட்டுறதா? மட்டக்களப்பு வெக்கையில எது நிண்டு பிடிக்கும்

அப்பாக்கு காது மிசின் எடுக்கப்போறம் எண்டதும் சொந்தக்காரர் எல்லாரும் சொன்னது ஒண்டுதான், வெளிய தெரியாத மாதிரி சின்னதா பாத்து எடுங்க எண்டு. நாங்க எடுத்தது காதுக்குப் பின்னால மாட்டுற, மோல்ட் (காதுக் குழிக்கு அளவா அச்சு எடுத்துச் செய்யிற துண்டு) வெச்ச, பற்றறி போடுற வகை. இண்டைக்கு ஆராவது கேட்டாலும் அதையேதான் சொல்லுவன். விலையப் பத்தி எல்லாரும் கதைக்கிறாங்க, வடிவப் பத்தியும் கதைக்கிறாங்க, மறுகா அத வீட்டில வெச்சி எப்பிடிப் பாக்குற எண்டு ஒருத்தரும் கதைக்கிறல்ல, அதுக்குத்தான் இத எழுதுறன்.

மிசினுக்கு முதல் ஈஎன்டி டொக்டரிட்ட காட்டி ஓடியோகிராம், அதாவது எவ்வளவு கேக்குது எண்டு பாக்கிற சோதனை, எடுக்கோணும். சில வயசான ஆக்களுக்கு காதில அழுக்கு இறுகினதுதான் பிரச்சினையா இருக்கும், எடுத்துவிட்டா சரி. ஆனா ஒரு காது திடீரெண்டு கேக்காமப் போச்செண்டா, இல்லாட்டி காதோட சேத்து முகம் ஒரு பக்கம் இழுத்தா, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடோணும். திடீர் கேள்விக் குறைவுக்கு ஸ்டெரொயிட் மருந்த முதல் ரெண்டு கிழமைக்குள்ள தொடங்கினாத்தான் பலன் கிடைக்கிற சான்ஸ் கூட. சளியா இருக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதீங்க.

அப்பாட விசயம் வேற, வருசக்கணக்கா நெல்லு மில்லுச் சத்தத்துக்குள்ள நிண்டவர். உள்காதில ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் இருக்கு, சத்தத்த நரம்புக்கு குடுக்கிறது அதுகள்தான், பெரிய சத்தத்தில செத்தா மனுசருக்கு திரும்பி முளைக்காது. கோழிக்குஞ்சுக்கும் காடைக்கும் முளைக்குது எண்டு 1988ல கண்டுபிடிச்சாங்க, அதில இருந்து மனுசருக்கும் முளைக்க வைக்க ஆராய்ச்சி நடக்குது. ப்ரீக்குவன்சி தெரபியூட்டிக்ஸ் எண்ட அமெரிக்கக் கம்பனி காதுக்குள்ள ஊசியால போடுற மருந்து ஒண்ட செஞ்சி பாத்து 2023ல அதுவும் பலன் தரல்ல. அதனால ஊசி வருமட்டும் பாத்திருப்பம் எண்டு ஆராவது சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன், இப்ப கையில இருக்கிறது மிசின்தான்.

மிசின் போட்டா மூளைக்கும் நல்லமா எண்டு கேக்கிறவங்களுக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு. 70க்கும் 84க்கும் இடைப்பட்ட 977 பேர வெச்சி மூண்டு வருசம் பாத்தது, 2023ல லான்செட் சஞ்சிகையில வந்தது. மொத்தமாப் பாத்தா மிசின் குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் வித்தியாசம் தெரியல்ல. ஆனா அதுக்குள்ள மறதி வாற ஆபத்துக் கூடின, வயசும் கூடின ஒரு பிரிவுக்கு நினைவும் யோசிக்கிற திறனும் குறையிற வேகம் 48 வீதம் குறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் மறதி நிக்கும் எண்டு இதுக்கு அர்த்தமில்ல. ஆனா எந்தப் பலனா இருந்தாலும் மிசின் காதில இருந்தாத்தானே, அலுமாரி லாச்சியில கிடந்தா என்ன பலன்? எங்கட பக்கம் லாச்சியில கிடக்கிற மிசின் நிறைய, அதில கனக்கப் பழுதாப்போனது வேர்வையாலயும் காது அழுக்காலயும்தான்.

உள்ள போடுற சின்னதுக்கு வாரன். பாக்க வடிவு, கண்ணாடியோடயும் மாஸ்க்கோடயும் சிக்காது. காத்தான்குடிப் பக்கம் முக்காடு போடுற உம்மாமாருக்கு பின்னால மாட்டுறதுட மைக்கில துணி உரசி கரகரக்கும், அவங்களுக்கு உள்ள போடுறது நல்லமெண்டு தோணும், நியாயமான காரணம்தான். ஆனா கேள்வி கனக்கக் குறைஞ்சவங்களுக்கு அதிட சக்தி காணாது. ஸ்பீக்கரும் மைக்கும் எல்லாம் காதுக் குழிக்குள்ளயே இருக்கிறதால ஈரமும் அழுக்கும் நேரா அதிலதான் படும். குட்டி பில்டர் ஒண்டு இருக்கு, அத வீட்டில மாத்தலாம், அதுக்கு மேல எண்டா முழு மிசினையும் அனுப்போணும், திரும்பி வருமட்டும் அந்த மனுசன் காது கேக்காம இருக்கோணும்.

பின்னால மாட்டுறதில மிசின் காதுக்கு வெளிய, காதுக்குள்ள போறது வெறும் மோல்டும் ட்யூபும்தான். பஞ்சுத் துண்டு ஒண்ட நூலோட உள்ள வெச்சி, மறுகா களி மாதிரி ஒண்ட ஊசிக்குழாயால அடிச்சி அச்சு எடுப்பாங்க, அதில செய்யிற மோல்ட் காதில சரியாப் பொருந்தும். லூசானா கீ எண்டு விசில் அடிக்கும். அழுக்குப் பட்டா மிசினில இருந்து மோல்டக் கழட்டி இளஞ்சூட்டுத் தண்ணியில சோப் போட்டுக் கழுவி நல்லாக் காயவிட்டு மாட்டுறதுதான். ட்யூப் மஞ்சளாகி இறுகினா அத மட்டும் மாத்தலாம், சின்ன வேலை.

இந்த ஈரம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கிற விசயம். ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி, கச்சான் வீசிற காலத்தில கழுத்தால வேர்வை ஓடும், மார்கழி மழையில போட்ட உடுப்பே காயாது. காலையில அப்பாட ட்யூப வெளிச்சத்துக்குப் பிடிச்சா உள்ள குட்டிக் குட்டியா தண்ணி மணி நிக்கும், அதுதான் சத்தம் விட்டு விட்டு வாறதுக்குக் காரணம், மிசின் பழுதில்ல. மோல்டக் கழட்டி ரப்பர் ஊதியால ரெண்டு தரம் ஊதினா போய்டும். ராவைக்கு பற்றறியக் கழட்டி, பற்றறி மூடியத் திறந்தபடி, ஈரத்த உறிஞ்சிற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாக்குள்ள மிசின வைக்கிறம். பற்றறிய அதுக்குள்ள போடக்கூடா, காஞ்சி போய்டும். ஐபி68 (தூசி, தண்ணி தாங்குற தரக் குறியீடு), தண்ணி பட்டா ஒண்டுமில்ல எண்டு விக்கிறவங்க சொல்லுவாங்க, அந்தச் சோதனை நல்ல தண்ணியில செய்யிறது, உப்பு வேர்வையில இல்ல.

பற்றறிட அளவு நம்பர ஸ்டிக்கர் நிறத்தால அறியலாம்: 10 மஞ்சள், 312 மண்ணிறம், 13 செம்மஞ்சள், 675 நீலம். காத்த இழுத்து வேலை செய்யிற பற்றறி, ஸ்டிக்கர உரிச்சா தொடங்கிரும், திரும்பி ஒட்டினாலும் நிக்காது. அதால தேவைப்படக்குள்ள மட்டும் உரிச்சி, ஓரிரு நிமிசம் வெளிய வெச்சிட்டுப் போடுங்க. 13 எண்டா பாவனையப் பொறுத்து ஒரு கிழமையில இருந்து ரெண்டு கிழமை வரும். சின்னப் பிள்ளைகள் விழுங்கினா உயிராபத்து, கைக்கெட்டாத இடத்தில வைங்க.

சார்ஜ் பண்ணுற வகைய நாங்க வீட்டில பாவிக்கல்ல, பெரியப்பா பாவிக்கிறதப் பாத்ததுதான், அதால கொஞ்சமாத்தான் சொல்லேலும். கை நடுங்கிற, கண் மங்கின ஆக்களுக்கு அது பெரிய உதவி, அந்தக் குட்டிப் பற்றறிய மாத்துற கரைச்சல் இல்ல. ஆனா 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினத மறக்கேலாது. உள்ள இருக்கிற பற்றறியும் சில வருசத்தில தளரும், அத மாத்த மிசினத்தான் குடுத்தனுப்போணும்.

வாங்கப்போனா கேக்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கு: ட்யூபும் மோல்டும் மட்டக்களப்பிலயோ கல்முனையிலயோ மாத்தலாமா, இல்ல ஒவ்வொரு தரமும் கொழும்புக்கு ஏறோணுமா? அதுக்கு ஒழுங்கா மறுமொழி சொல்லாத இடத்தில, பாதி விலைக்குத் தந்தாலும் நான் எடுக்க மாட்டன்.