பதினாறு மைக்ரான் போதுமா? வீட்டு எஸ்பிரெசோவுக்கு கிங்கிரைண்டர் கே6

எஸ்பிரெசோ மெஷினுக்குப் பெரும்பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய இரண்டாயிரத்தில் ஏதாவது ஒரு கிரைண்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். கணக்கு தலைகீழ். மெஷின் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் எவ்வளவு நேரம் எடுத்து இறங்க வேண்டும் என்பதைப் பொடிதான் முடிவு செய்கிறது. 18 கிராம் பொடி போட்டால் 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பொது அளவு. அரைவை இம்மி பெரிதானால் 12 விநாடியில் புளித்த தண்ணீராக ஓடிவிடும். இம்மி நைசானால் சொட்டுச் சொட்டாகக் கசந்து விழும், அல்லது ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும்.

டிகாக்ஷன் ஃபில்டரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தண்ணீர் தன் எடையால் மெல்ல இறங்குகிறது; பொடி கொஞ்சம் முன்பின் இருந்தாலும் காபி குடிக்கும்படி இருக்கும். மிக்ஸியில் அரைத்த பொடிகூட ஃபில்டரில் ஒப்பேறிவிடும். எஸ்பிரெசோவில் ஒப்பேறாது. மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது, ஒரே கரண்டியில் மாவும் குருணையும் சேர்ந்தே இருக்கும். அழுத்தத்தோடு வரும் தண்ணீர் குருணை இருக்கும் பக்கமாக ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும். இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கி, ஒரே அளவாக வெளியே தள்ளும் பர் கிரைண்டர்தான் இதற்கு வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் மெஷினில் பொடி போடும் வடிகூடையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஊசிமுனை அளவு ஒரே ஒரு துளை இருந்தால் அது இரட்டைச் சுவர்க் கூடை. அழுத்தத்தை அந்தத் துளையே உண்டாக்கிவிடுவதால் நல்ல கிரைண்டர் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. டெலாங்கி டெடிக்கா போன்ற 51 மி.மீ. கூடை கொண்ட மெஷின்களோடு இந்த வகைதான் வருகிறது. அடி முழுக்கத் துளைகள் உள்ள ஒற்றைச் சுவர்க் கூடையைத் தனியாக வாங்கிய பிறகே கிரைண்டருக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு.

இனி கே6. கையால் சுற்றும் கிரைண்டர், 48 மி.மீ. எஃகுக் கூம்பு பர், வெளிநாட்டில் ஏறத்தாழ 100 டாலர். இங்கே இறக்குமதி வரி சேர்ந்து விலை ஏறும். அப்படியும் இதே தரத்தில் பொடி தரும் மோட்டார் கிரைண்டரின் விலை இதைப்போல இரு மடங்குக்குக் குறையாது. காரணம் எளிது: பணம் மோட்டாருக்கும் மின்பலகைக்கும் போகாமல் பர்ருக்கும் பேரிங்குக்கும் போகிறது.

இதில் பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று. அரைவை அளவை மாற்றும் டயலை ஒரு கிளிக் திருப்பினால் பர் எவ்வளவு நகர்கிறது? கே6இல் ஒரு சுற்றுக்கு 60 கிளிக், ஒரு கிளிக்குக்கு 16 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விலை குறைவு என்பதால் பலரும் வாங்கும் டைமோர் சி2 கைக்கிரைண்டரில் ஒரு கிளிக் ஏறத்தாழ 80 மைக்ரான், அதாவது கே6இன் ஐந்து கிளிக். சி2இல் ஒரு எண்ணில் ஷாட் (ஒரு முறை இறக்கும் எஸ்பிரெசோ) 15 விநாடியில் ஓடும், அடுத்த எண்ணில் மெஷினே திணறும். நமக்கு வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும், அங்கே நிற்க வழியில்லை. ஃபில்டருக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கும் சி2 அருமையான கருவி. எஸ்பிரெசோவுக்கு அதை வாங்காதீர்கள்.

பதினாறு மைக்ரான் போதுமா என்றால், நடுத்தர வறுவலுக்கும் கருவறுவலுக்கும் போதும். ஒரு கிளிக்குக்கு ஷாட் நேரம் சில விநாடிகள் மாறும். மீதியைப் பொடியின் எடையில் 0.3 கிராம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். மென்வறுவலை மட்டுமே குடிப்பவருக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். அவர்கள் ஒன்ஸிப்ரெஸ்ஸோ ஜே-அல்ட்ரா என்ற கைக்கிரைண்டரைப் பார்க்கலாம்: அதே 48 மி.மீ., சுற்றுக்கு 100 கிளிக், கிளிக்குக்கு 8 மைக்ரான். விலையும் அதற்கேற்ப ஏறும்.

அரைவை அளவு பிடிக்கும் முறை. முதலில் கொட்டை போடாமல், பர் இரண்டும் இறுகிக் கைப்பிடி சுற்ற மறுக்கும் இடம்வரை டயலை முடுக்குங்கள். அதுதான் பூஜ்யம். டயலில் அச்சிட்ட 0 அங்கேயே இருக்கும் என்று நம்பாமல், உண்மையில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 40 கிளிக் தளர்த்தித் தொடங்கலாம். பெரும்பாலான கொட்டைகளுக்கு 30 முதல் 50 கிளிக்குக்குள் இடம் கிடைத்துவிடும். பொடியின் எடையை மாற்றாமல் அரைவையை மட்டும் மாற்றுங்கள். 18 விநாடியில் ஓடினால் மூன்று கிளிக் நைசாக்குங்கள், 40 விநாடி ஆனால் இரண்டு கிளிக் தளர்த்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் கால் கிலோ கொட்டை வீணாகும். 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

நைசாக்கும்போது அரைக்கும் அறையில் கொட்டை இருக்கக் கூடாது. பாதி அரைபட்ட துண்டு நடுவில் மாட்டி, கைப்பிடி சிக்கிக்கொள்ளும். அதைப் பலம் கொண்டு திருகினால் அச்சு கோணிவிடும். மோட்டார் கிரைண்டரில் இதே காரணத்துக்காக மோட்டார் ஓடும்போதுதான் நைசாக்க வேண்டும்.

பொடி குவளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், அது உராய்வில் எழும் நிலைமின்சாரம். அரைப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டையைக் கிளறிவிட்டால் போதும், இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். கொட்டையின் ஈரம் இந்த மின்னேற்றத்தைக் குறைக்கிறது என்று ஓரிகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் அளந்தும் காட்டினார்கள்.

நேற்று 28 விநாடி ஓடிய அதே எண் இன்று 22 விநாடி ஓடினால் கிரைண்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கொட்டை வறுத்த நாளிலிருந்து நாளாக ஆக வாயு வெளியேறி, தண்ணீருக்கு அது தரும் எதிர்ப்பு குறைகிறது. ஒரு பை தீர்வதற்குள் இரண்டு மூன்று கிளிக் நைசாக்க வேண்டிவரும். மழைக்காலத்தில் காற்றின் ஈரமும் சேர்ந்து கொஞ்சம் ஆட்டிவைக்கும்.

கே6இன் குறை, கை உழைப்பு. நடுத்தர வறுவலில் 18 கிராம் அரைக்கச் சுமார் ஒரு நிமிடம். மென்வறுவல் கல்போல இருக்கும், நேரமும் பலமும் கூடுதலாக வேண்டும். காலையில் இரண்டு பேருக்கு என்றால் பரவாயில்லை. நான்கைந்து பேர் உள்ள வீட்டிலோ மூட்டுவலி உள்ளவர்களுக்கோ இது தண்டனை. அங்கே மோட்டார்தான் சரி.

மோட்டாரில் 200 டாலரை ஒட்டி இரண்டு பெயர்கள். பராட்ஸா என்கோர் ஈ.எஸ்.பி. 40 மி.மீ. கூம்பு பர் கொண்டது. 40 எண்களில் முதல் இருபது எஸ்பிரெசோவுக்கான சிறு படிகள், மீதி ஃபில்டர் வகைகளுக்கான பெரிய படிகள். பழுதானால் உதிரிபாகம் தனித்தனியாகக் கிடைக்கும் என்பது இதன் பெரிய பலம். டி.எஃப்.54 தட்டை பர், 54 மி.மீ., கிளிக்கே இல்லாமல் வழுக்கித் திரும்பும் வளையம், உள்ளே தங்கும் பொடியை ஊதித் தள்ள மேலே ஒரு ரப்பர் துருத்தி. சுவைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பவருக்கு டி.எஃப்.54. பால் சேர்த்துத் திடமாகக் குடிக்கிறவருக்குக் கூம்பு பர்ரே தோது, அதற்கு கே6உம் என்கோரும் போதும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினரிடம் சொல்லி மோட்டார் கிரைண்டர் வாங்கி வரச் சொல்கிறீர்களா? அடித்தட்டில் உள்ள வோல்டேஜைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே விற்பது 120 வோல்ட். பிளக் முனையை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் மோட்டாரோ மின்பலகையோ எரிந்துபோகும். கைக்கிரைண்டர் வரவழைத்தால் இந்தக் கவலையே இல்லை.

எந்தக் கிரைண்டராக இருந்தாலும் சிக்கரி, மிளகு, ஏலக்காய் எதையும் உள்ளே போடாதீர்கள். வாசனை போகவே போகாது. சுத்தம் செய்கிறேன் என்று பச்சரிசி போட்டு அரைப்பதும் வேண்டாம், காபிக்கொட்டையைவிட அரிசி கடினம், மோட்டார் திணறும். எஃகு பர்ரில் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் போதும். திரும்பப் பூட்டியதும் பூஜ்யம் ஓரிரு கிளிக் தள்ளிப்போயிருக்கலாம், அடுத்த ஷாட்டுக்கு முன் அதை மறுபடி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.