ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா: உளியோடு வந்தவர்களும் உடன் நடப்பவர்களும்

ஜோத்பூரின் மேஹ்ரான்கர் கோட்டையைப் பார்க்க வருபவர்களில் பலர், அதன் மதிலை ஒட்டியே கிடக்கும் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவுக்குள் கால் வைக்காமலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோட்டையைப் பராமரிக்கும் மேஹ்ரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளையே இதையும் நடத்துகிறது. பரப்பு சுமார் 70 ஹெக்டேர். 2006-இல் சீரமைப்பு வேலை தொடங்கி, 2011-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பூங்கா என்றதும் புல்தரையையும் ஊஞ்சலையும் நினைப்பவர்களும், பாலைவனம் என்றதும் மணல்மேட்டையும் ஒட்டகத்தையும் தேடுபவர்களும் இங்கே ஏமாந்துபோவார்கள். பாறையும் முள்ளும் கள்ளியும்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அலுக்காமல் பேசக்கூடிய மனிதர்கள் சிலரும் இருக்கிறார்கள். அந்த மனிதர்கள் இல்லாவிட்டால் இந்த இடத்தை நான் யாருக்கும் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

நுழைவுச்சீட்டு வழங்கும் இடமும் சிறிய விளக்கக்கூடமும் சிங்கோரியா போல் என்னும் பழைய நகரவாயிலில் அமைந்திருக்கின்றன. அங்கிருந்து நிறம் குறித்த நடைபாதைகள் பிரிகின்றன. வழிப்பலகைகள் இருப்பதால் தனியாகவே நடந்துவிடலாம். ஆயினும் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு போவதே நல்லது. அதற்கான கட்டணம் தனி என்பதால் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: நுழைவுச்சீட்டு உங்களை உள்ளே விடும், அவ்வளவுதான், பார்ப்பது என்பது வழிகாட்டியோடு நடக்கும்போதுதான் தொடங்குகிறது. எங்களோடு வந்த இளைஞர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். முதல் கால்மணி நேரம் அவர் செடி எதையும் காட்டவில்லை. நடைபாதை ஓரத்தில் கிடந்த கூழாங்கல் ஒன்றை எடுத்து மணற்கல்லின்மேல் தட்டினார், மந்தமான ஓசை. பிறகு பக்கத்திலிருந்த செம்பழுப்புப் பாறைமேல் தட்டினார். வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியது போன்ற கணீரென்ற ஒலி எழுந்தது. அதுதான் ரயோலைட் என்னும் எரிமலைப்பாறை, ஏறத்தாழ 75 கோடி ஆண்டு பழையது. அந்த எரிமலைப்பாறையும் அதன்மேல் படிந்த மணற்கல்லும் சந்திக்கும் இடம் கோட்டையின் அருகிலேயே தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பாறை எவ்வளவு கெட்டியானது என்பதை இப்படிக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான், அதன்பின் அவர் சொல்லப்போகும் கதையின் கனம் புரியும்.

அந்தக் கதையின் வில்லனைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தவே வேண்டாம். சீமைக் கருவேலம்தான். ஜோத்பூரைச் சுற்றியுள்ள மார்வார் பகுதியில் அதற்குப் பாவ்லியா என்று பெயர். 1930-களில் ஜோத்பூர் அரசர் விமானத்திலிருந்து அதன் விதைகளைத் தூவினார் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். எப்படி வந்ததோ, வந்தபின் ராமநாதபுரத்துக் கண்மாய்களில் நாம் பார்த்ததைத்தான் அங்கேயும் செய்தது: வேறெதையும் முளைக்கவிடாமல் பாறைநிலம் முழுவதையும் வளைத்துக்கொண்டது. வெட்டினால் அடித்தூரிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும் மரம் அது. நம் ஊரில் ஜேசிபி வைத்துத் தூரோடு பெயர்த்தெடுக்கலாம். வேர் எரிமலைப்பாறையின் வெடிப்புக்குள் இறங்கியிருக்கும் இடத்தில், அதுவும் பெரிய கோட்டையொன்றின் அடியில், எந்திரத்துக்கு என்ன வேலை?

அறக்கட்டளை இந்தப் பொறுப்பைத் திரைப்பட இயக்குநராக இருந்து தாவர ஆர்வலராக மாறிய பிரதீப் கிஷனிடம் ஒப்படைத்தது. அவர் தேடிக் கண்டுபிடித்தது கண்ட்வாலியா எனப்படும் கல்லுடைக்கும் சமூகத்தினரை. தலைமுறை தலைமுறையாக ஜோத்பூரின் மணற்கல் சுரங்கங்களில் உழைத்தவர்கள் அவர்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே உள்ளே வெடிப்பு எங்கே ஓடுகிறது, எங்கே அடித்தால் பாறை விட்டுக்கொடுக்கும் என்று கணித்துவிடுவார்கள். சுத்தியலும் உளியும் மட்டுமே கொண்டு, ஒன்றரை அடி ஆழம்வரை பாறையைக் குடைந்து, மீண்டும் துளிர்க்க வழியில்லாதபடி வேரின் மேற்பகுதியை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இதே வேலை. கொளுத்தும் வெயிலில், முள்ளுக்கு நடுவே, ஆண்டுக்கணக்கில்.

இந்த இடத்தில் வழிகாட்டி எங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பாறையில் ஒரு குழி. விளிம்பில் உளி இறங்கிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. குழி வட்டமாகவும் இல்லை, சதுரமாகவும் இல்லை. வேர் போன போக்கில் ஒருபுறம் வாலாக நீண்டிருந்தது. சீமைக் கருவேலம் இருந்த அந்தக் குழியிலேயே மண் நிரப்பி, கும்மட் எனப்படும் உள்ளூர் வேலமரம் ஒன்றை நட்டிருந்தார்கள். பூங்கா முழுவதும் இதே முறைதான். பாறையில் எங்கே வெடிப்பு இருக்கிறது, எங்கே நீர் கசியும், எங்கே வேர் இறங்கும் என்ற தேடலை அந்தக் களைமரம் முன்பே முடித்து வைத்திருந்தது. பிடுங்கியவர்கள் அந்த உழைப்பைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். செடிகள் வரிசையில் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதற்கும் இதுவே காரணம். இதை விளக்க ஆள் இல்லாவிட்டால், இயல்பான காடு என்று எண்ணி நாம் கடந்துபோயிருப்போம்.

தார் பாலையின் பல பகுதிகளிலிருந்து விதை சேகரித்து வளர்த்த செடிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பட்டியலாகப் படிப்பதைவிட நேரில் பார்ப்பதே மேல். இலையற்ற தோர்க் கள்ளி, பிசினுக்குப் பெயர்பெற்ற குக்குலு, சங்கப் பாடல்களின் பாலைநிலத்தில் வரும் உகாய் ஆகியவை நினைவில் நிற்கின்றன. வழிகாட்டி கேஜ்ரி என்று காட்டிய மரம் நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியேதான். அது சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு என்பதைக் கேட்டு உடன் வந்த பெரியவர் ஒருவர் சற்றுக் கோபித்துக்கொண்டார்.

பிடுங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. நெற்றைத் தின்னும் ஆடுமாடுகள் விதையைச் சாணத்தோடு கொண்டுவந்து போடுகின்றன. மழை பெய்ததும் கன்றுகள் முளைக்கின்றன. பணியாளர்கள் அவற்றை இளசிலேயே களைகிறார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ஊர் ஊராகத் திரண்டு வெட்டினோம். மறு ஆண்டு கன்று பிடுங்குவதற்கென்று ஆளை நிறுத்தி, அவருக்குச் சம்பளம் ஒதுக்கிய ஊர்கள் எத்தனை? இந்தப் பூங்காவுக்கான பணம் எதற்குப் போகிறது என்று யாராவது கேட்டால், கட்டடத்தையோ பலகையையோ காட்டாமல் இந்த ஆட்களைக் காட்டலாம். நாற்றங்காலில் சிறு பைகளுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் ஒவ்வொரு செடிக்கும் பெயர் கேட்டேன்; தயங்காமல் மார்வாரிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார்.

போகவிருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மழைக்காலத்திலும் அதை அடுத்த மாதங்களிலும் செடிகள் பசுமையாக இருக்கும். மே மாதத்து வறட்சியில் பலவும் இலையுதிர்த்து நிற்கும் என்பதால், ஆர்வம் மிக்கவர்களைத் தவிர மற்றவர்கள் அப்போது தவிர்க்கலாம். பாதை பல இடங்களில் வெறும் பாறைதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் உகந்ததன்று. செருப்பு வேண்டாம், நல்ல காலணி வேண்டும், தண்ணீர் கையில் இருக்கவேண்டும். கோட்டையை முதலில் பார்த்துக் களைத்தபின் இங்கே வருபவர்களையே அதிகம் கண்டேன். திறந்தவுடன் பூங்கா, வெயில் ஏறியபின் கோட்டை என்று வரிசையை மாற்றிக்கொள்வது உத்தமம். கோட்டைக்குள் நிழல் உண்டு, பூங்காவில் அவ்வளவாகக் கிடையாது.